ஆபத்து இரண்டு மடங்கு: சரி, எதிலிருந்து இரண்டு மடங்கு?

கேள்வி, திருப்பூரிலிருந்து ஒரு வாசகர், 2024 மார்ச் 3

"கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்கு" என்று செய்தி படித்துவிட்டு என் மனைவி பாதி அட்டையோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டர் கொடுத்ததே மாதவிலக்கு ஒழுங்காக வரட்டும் என்றுதான். இந்த மாதிரிச் செய்திகளைப் போடவே கூடாது என்று தடை போட்டால் என்ன? நீங்கள் பத்திரிகையில் இருந்தவர்தானே அக்கா, சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

தடையெல்லாம் வேண்டாம் தம்பி. செய்தி பொய்யில்லை. பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் இதே கூத்து 1995 அக்டோபரில் நடந்தது. அங்கே மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்கு ஓர் அவசரக் கடிதம் அனுப்பியது. டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் என்ற ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரைகளில், அதாவது மூன்றாம் தலைமுறை மாத்திரைகளில், ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பழைய மாத்திரைகளைப் போல இரண்டு மடங்கு என்றது கடிதம். பல டாக்டர்கள் கடிதத்தைப் பிரிக்கும் முன்பே டிவியில் செய்தி ஓடிவிட்டது. பெண்கள் போன் போட்டால் டாக்டருக்கே விஷயம் தெரியாது. அட்டையின் நடுவிலேயே மாத்திரையை நிறுத்தினார்கள். சில வருடங்களாக இறங்கிக்கொண்டிருந்த கருக்கலைப்பு எண்ணிக்கை அடுத்த வருடம் ஏறியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் என்பது பிற்பாடு போட்ட கணக்கு.

இப்போது அந்த "இரண்டு மடங்கு". ஒரு லட்சம் பெண்கள் பழைய மாத்திரையை ஒரு வருடம் சாப்பிட்டால் 15 பேருக்கு ரத்தம் உறையும். புது மாத்திரையில் அது 25 முதல் 30 பேர். மாத்திரையே தொடாதவர்களில் 5 பேர். கர்ப்பமாக இருப்பவர்களில்? சுமார் 60 பேர்! உறைகட்டிக்குப் பயந்து மாத்திரையை விட்டவர்கள், அதைவிட அதிகம் உறைகட்டி வரும் நிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

நாளை முதல் வேலையாக டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நடுவில் விட்டதால் இந்த மாதம் பாதுகாப்பு இல்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

மார்ச் 4, காலை

ஒன்று விட்டுப்போனது. "ஆபத்து கொஞ்சம்தான்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. 35 வயதுக்கு மேல் புகைப்பவர், ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் ஒளி மின்னுபவர், தனக்கோ பெற்றோருக்கோ கூடப் பிறந்தவருக்கோ காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர், இவர்களெல்லாம் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. உங்கள் மனைவி படித்த செய்தியில் இதில் ஏதாவது இருந்ததா?

அப்புறம், நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் வகை. 1995 கதையில் அது "பழைய மாத்திரை" பக்கம்.

மார்ச் 4, மதியம்

எண்களைப் புதுப்பிக்கிறேன், இல்லையென்றால் யாராவது பிடித்துக்கொள்வீர்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் மறுபடி அலசியது. பத்தாயிரம் பெண்களுக்கு ஒரு வருடத்தில்: மாத்திரை இல்லாமல் 2, லெவோநார்ஜெஸ்ட்ரல் 5 முதல் 7, டெசோஜெஸ்ட்ரலும் ட்ரோஸ்பைரனோனும் 9 முதல் 12. லட்சத்துக்கு மாற்றினால் 20, 50 முதல் 70, 90 முதல் 120. எல்லா எண்ணும் 1995ஐவிடக் கூடியிருக்கிறது, ஆனால் வரிசை மாறவில்லை.

மார்ச் 5

"தலைப்பு வைப்பவர்களுக்கு மனசாட்சி இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் தலைப்பு வைத்தவள். மனசாட்சி இருந்தது. இடம்தான் இல்லை.

மாலை ஏழு மணிக்குச் செய்தி ஏஜென்சியின் காப்பி, அதாவது செய்தி, வரும், ஆங்கிலத்தில், நாலு பத்தி. ஒன்பது மணிக்குப் பக்கம் போக வேண்டும். ஒரு பத்தி அகலத் தலைப்பென்றால் மூன்று வரி, வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து. "மாத்திரை ஆபத்து இரண்டு மடங்கு" கச்சிதமாக உட்காரும். "மாத்திரையால் ரத்தம் உறைவது லட்சத்தில் 15 பேருக்குப் பதில் 25 பேருக்கு" உட்காரவே உட்காராது. சரி, எண்ணை உள்ளே போடலாம் என்று பார்த்தால் அது காப்பியின் கடைசிப் பத்தியில் இருக்கும். விளம்பரம் சற்றுப் பெரிதாக வந்துவிட்டால் பக்கம் போடுபவர் வாலிலிருந்துதான் வெட்டுவார். வால்தான் அந்த எண்.

என் மேசையில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மருத்துவக் காப்பி என்றால் முதலில் கடைசிப் பத்தியைப் படித்து, எண் இருந்தால் அதை இரண்டாம் பத்திக்குத் தூக்கிவிடுவேன். அதன் பிறகு வால் வெட்டுப்பட்டாலும் கவலையில்லை. பல நாள் அங்கே எண்ணே இருக்காது. "ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள்" என்பது மட்டும் இருக்கும்.

மார்ச் 6

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார்: விஞ்ஞானிகள் கவனமாகச் சொல்கிறார்கள், நிருபர்கள் ஊதிப் பெருக்குகிறார்கள் என்று. சார், பாதி சரி.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்ராக் சம்னர் குழு 2014இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூல ஆய்வோடும் அதிலிருந்து வந்த செய்திகளோடும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். தொடர்பை மட்டும் காட்டிய ஆய்வைக் "காரணம்" என்று ஊதிய செய்திக்குறிப்புகள் 33 சதவீதம். எலியில் பார்த்ததை மனிதருக்கு நீட்டியவை 36 சதவீதம். குறிப்பு ஊதியிருந்தால் காரண விஷயத்தில் 81 சதவீதச் செய்திகளும் ஊதின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 18 சதவீதம்தான்.

ஊதல் பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் குறிப்பைக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்வது யார்? ஆய்வு செய்தவர்தான். எனக்கு இன்னும் பிடித்த விஷயம், அடக்கமாக எழுதிய குறிப்புகளுக்குச் செய்தி வாய்ப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது. "ஊதினால்தான் போடுவார்கள்" என்ற சாக்கு அங்கேயே செத்துவிட்டது.

மார்ச் 6, இரவு

யோசித்துப் பார்த்தால் 1995க்கும் இதுவே பொருந்தும். "இரண்டு மடங்கு" என்பது கடிதத்திலேயே இருந்த சொல். நிருபர் கண்டுபிடித்ததில்லை. டாக்டரின் கைக்குக் கடிதம் போய்ச் சேருவதற்கு இரண்டு நாள் விட்டுச் செய்தியாளரைக் கூப்பிட்டிருந்தால் பாதிக் குழப்பம் நின்றிருக்கும். செய்தியை மேம்படுத்த வேண்டும் என்று பேசும்போது எல்லோரும் நிருபருக்குப் பயிற்சி முகாம் என்கிறார்கள். பெட்டி மதிய உணவு, சான்றிதழ், குரூப் போட்டோ. அரசு அறிவிப்பை எந்த மணிக்கு, யாருக்கு முதலில் விடுவது என்று அதிகாரிக்கு ஒரு முகாம் நடத்தினால் தேவலை.

மார்ச் 8

மகளிர் தின வாழ்த்துகளுக்கு நடுவே மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். வயது 51. மாதவிலக்கு நின்றதிலிருந்து திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறது, தூக்கமே இல்லை. டாக்டர் ஹார்மோன் சிகிச்சை பற்றிச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் "மார்பகப் புற்றுநோய் வரும்" என்று தடுத்துவிட்டார்களாம்.

அம்மா, அந்தப் பயம் பிறந்த மாதமே எனக்குத் தெரியும். 2002 ஜூலை. அமெரிக்காவில் பெண்கள் ஆரோக்கிய முனைப்பு என்ற பெரிய ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை ஒரு பாதிக்கு, வெற்று மாத்திரை மறு பாதிக்கு, மொத்தம் 16,608 பெண்கள். சராசரியாக 5.2 வருடம் ஓடிய நிலையில் பாதியில் நிறுத்தினார்கள். "மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்" என்று உலகம் முழுக்கத் தலைப்பு. என் மேசைக்கும் வந்தது, போட்டோம்.

26 சதவீதம் என்பது என்ன? பத்தாயிரம் பெண்களுக்கு ஒரு வருடத்தில் 30 பேராக இருந்தது 38 பேர் ஆனது. எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் அலட்சியப்படுத்த வேண்டியவர்கள் இல்லை. பக்கவாதமும் எட்டுப் பேருக்கு அதிகம். இன்னொரு பக்கம் இடுப்பு எலும்பு முறிவு 15இலிருந்து 10 ஆனது, பெருங்குடல் புற்றுநோய் 16இலிருந்து 10. இந்த இறக்கங்கள் அன்று எத்தனை தலைப்பில் வந்தன என்று தேடிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வயது. ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடம்பு கொதிக்கிறது என்று டாக்டரிடம் வருகிறவர் உங்களைப் போல 50ஐ ஒட்டியவர். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மாதவிலக்கு நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்கு இதய நோய்க் கணக்கு அவ்வளவு மோசமாக இல்லை.

கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த தனிப் பிரிவும் அதே ஆய்வில் இருந்தது. 2004இல் அதன் முடிவு வந்தது. பக்கவாதம் கூடியது உண்மை, ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. கர்ப்பப்பை எடுத்தவர்கள் நம்மூரில் தெருவுக்கு நாலு பேர். 2002 செய்தி அவர்கள் காதில் விழுந்தது, 2004 செய்தி விழவில்லை.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா, கல்லீரல் எப்படி, ரத்த அழுத்தம் எப்படி என்று டாக்டர் பார்க்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் 2002இல் வந்த தலைப்பை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

மார்ச் 9

"ஆண்களுக்குக் கருத்தடை ஊசி வருகிறதாமே?" என்று ஒருவர். வருகிறது, வருகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

ஐஐடி கரக்பூர் பேராசிரியர் சுஜோய் குஹாவின் ரிசக் என்ற ஊசி. முதல் ஆய்வுக் கட்டுரை 1979. 2019 நவம்பரில் "உலகின் முதல் ஆண் கருத்தடை ஊசி தயார், ஆறேழு மாதத்தில் தயாரிப்பு" என்று எல்லாப் பத்திரிகையும் போட்டது. 303 ஆண்கள் பங்கேற்ற மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2023இல் இதழில் வந்தபோது மறுபடி "உலகின் முதல்". மருந்துக்கடையில் இன்றைக்கும் இல்லை. ஆய்வு நன்றாகவே நடந்திருக்கிறது, பலனும் நன்றாக இருக்கிறது, குறை அங்கே இல்லை. 2019 தலைப்பைப் போட்ட பத்திரிகை 2020இல் "ஏன் வரவில்லை" என்று கேட்டதா? ஆராய்ச்சிச் செய்தியைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. கொலை வழக்கென்றால் தீர்ப்பு வரை போகிறோம்.

மார்ச் 9, சற்றுப் பொறுத்து

இதே வரிசையில் 2016. ஆண்களுக்கான ஹார்மோன் ஊசி, எட்டு வாரத்துக்கு ஒன்று, 320 பேர். "பக்கவிளைவு தாங்காமல் ஆண்கள் ஓட்டம், ஆய்வு நிறுத்தம்" என்று உலகமே சிரித்தது. நானும் சிரித்து நாலு பேருக்கு அனுப்பினேன், நகைச்சுவையாக இருந்ததே. கட்டுரையைப் படித்தால் கதை வேறு. நிறுத்தச் சொன்னது பாதுகாப்பை மேற்பார்வையிட்ட வெளிக்குழு. மனச்சோர்வு போன்றவை அதிகம் தெரிந்ததால் அப்படி முடிவெடுத்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல், கிடைத்தால் இதைத் தொடர்ந்து பயன்படுத்துவோம் என்று சொன்னார்கள்! ஆண்களுக்கு ஆதரவாக ஒரு வரி எழுதிவிட்டேன், குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 11

இதுவரை ஊதலைப் பற்றியே பேசினோம். அமுக்கலும் உண்டு.

2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றியது: மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண்கள் கொரோனா தடுப்பூசி போடக் கூடாது என்று. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு பொய் என்றது. பொய்தான். பத்திரிகைகளும் "வதந்தியை நம்பாதீர்" என்று பெட்டிச் செய்தி போட்டன. நல்ல காரியம்.

ஆனால் அதே நேரத்தில் ஊசி போட்ட பெண்கள் பலர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என் தங்கைக்குத் தேதி தள்ளிப்போனது. பக்கத்து வீட்டில் ஒருத்திக்கு ரத்தப்போக்கு அதிகம். கேட்டால் "வதந்தி, பயப்படாதே" என்ற அதே பதில். வதந்தி என்ற முத்திரை கேள்வியின் மேலும் விழுந்துவிட்டது. தடுப்பூசி ஆய்வுகளில் மாதவிலக்கு பற்றி யாரும் கேட்டுக் குறிக்கவே இல்லை என்பதுதான் உண்மையான செய்தி. அதை எழுதியவர்கள் குறைவு.

பிறகு அமெரிக்காவில் அலிசன் எடல்மேன் குழு, மாதவிலக்குத் தேதி குறிக்கும் ஒரு செயலியைப் பயன்படுத்தும் 3,959 பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2022 ஜனவரியில் எழுதியது. முதல் ஊசிக்குப் பிறகு சுழற்சி சராசரியாக 0.71 நாள் நீண்டது, இரண்டாவதுக்குப் பிறகு 0.91 நாள். ஒரு நாளுக்கும் குறைவு. ரத்தப்போக்கு நாட்கள் மாறவில்லை. இரண்டு ஊசியும் ஒரே சுழற்சிக்குள் போட்டவர்களுக்கு இரண்டு நாள் அளவுக்கு, அதுவும் தானாகச் சரியானது.

இந்த ஆய்வும் இரண்டு விதமாகத் தலைப்பானது. "தடுப்பூசி மாதவிலக்கைப் பாதிக்கிறது, ஆய்வில் உறுதி." "தடுப்பூசியால் மாதவிலக்குக்கு ஆபத்தில்லை, ஆய்வில் உறுதி." ஒரே தாள்! தங்கைக்கு முதலாவதும் எனக்கு இரண்டாவதும் வாட்ஸ்அப்பில் வந்தன.

மார்ச் 12

படங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. கர்ப்பம் பற்றி எந்தச் செய்தியானாலும் தலையில்லாத ஒரு வயிறு, அதன் மேல் இரண்டு கை, இதய வடிவில் விரல்கள். கருக்கலைப்புச் சட்டம் பற்றிய செய்திக்கும் அதே எட்டு மாத வயிறு. ஒன்பது வாரக் கருவைப் பற்றிய செய்தி அது. ஏஜென்சி படத் தொகுப்பில் தேடினால் அதுதான் முதலில் வரும், மணி எட்டே முக்கால், வேறென்ன செய்ய.

மார்ச் 14

விந்தணுக் கதைக்கு வருகிறேன், நேற்றிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "2045இல் ஆண்களிடம் விந்தணுவே இருக்காது." ஹகாய் லெவின் குழுவின் ஆய்வு, 2017இல் ஒன்று, 2022இல் விரிவாக்கியது ஒன்று. 1973க்கும் 2018க்கும் இடையில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடிக்குச் சற்று மேல் இருந்தது 4.9 கோடிக்கு வந்துவிட்டது. பாதிக்கும் மேல் சரிவு. சிறு விஷயமில்லை, அலட்சியமாகச் சொல்லவில்லை.

ஆனால் 2045 எங்கிருந்து வந்தது? சரிந்த கோட்டை அளவுகோல் வைத்து அப்படியே கீழே நீட்டினால் பூஜ்யத்தைத் தொடும் இடம் அது. எங்கள் வீட்டு வாழைக்கன்று முதல் மாதம் ஓரடி வளர்ந்தது, அந்தக் கணக்கில் பத்து வருடத்தில் கோயில் கோபுரத்தைத் தாண்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த கீழ் எல்லை 1.6 கோடி. சராசரி இன்னும் அதற்கு மூன்று மடங்கு மேலே. 1970களில் எண்ணிய முறையும் இன்று எண்ணும் முறையும் ஒன்றா என்ற சண்டையும் முடியவில்லை. டென்மார்க்கில் ராணுவத் தகுதிப் பரிசோதனைக்கு வரும் இளைஞர்களை 1996 முதல் பதினைந்து வருடம் ஒரே முறையில் எண்ணியபோது சரிவு தெரியவில்லை.

இந்தச் செய்தியை நாங்கள் ஞாயிறு இணைப்பில் போட்டோம். நான் கண்ணால் பார்த்த பக்கம் அது: மேலே கட்டுரை, பக்கத்தில் "டாக்டர் பதில்கள்", கீழே கால் பக்கத்துக்கு ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரம். பதில் சொன்ன டாக்டர் அந்த மையத்துக்காரர். காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்துக்கு மேலே "விளம்பரம்" என்று சின்ன எழுத்திலாவது இருந்தது. டாக்டர் பதில்களுக்கு மேலே அதுவும் இல்லை. இந்த மருந்து மலட்டுத்தன்மையைப் போக்கும் என்று விளம்பரம் செய்வதை, மருந்து, மாய வைத்திய விளம்பரங்கள் பற்றிய 1954 சட்டம் தடுக்கிறது. டாக்டர் பெயரில் வரும் பத்தியை அந்தச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

நிருபருக்கு எண் புரியவில்லை என்பது பாதிப் பிரச்சினை. பயம் விற்கும் பக்கத்துக்குக் கீழேயே அதற்கு மருந்து விற்பவர் இடம் பிடித்திருக்கிறார் என்பது மீதிப் பாதி. இரண்டாவதைப் பற்றி எந்தப் பயிற்சி முகாமிலும் நான் கேட்டதில்லை.

மார்ச் 15

முகாம்களைக் கிண்டல் செய்தது போதும் என்கிறார் பேராசிரியர். சரி சார், ஒரு முகாமில் நல்லது நடந்தது. மகப்பேறு டாக்டர் ஒருவர் தன் போன் நம்பரைப் பலகையில் எழுதி, "இரவு எட்டரைக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்" என்றார். எடுத்தார். அந்த ஒரு நம்பர் சான்றிதழைவிட உதவியது. கருத்து கேட்டால் தன் மருத்துவமனைப் பெயரைச் சேர்க்கச் சொல்லாத டாக்டர் அவர்.

மார்ச் 17

பயிற்சி நிருபராகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் கேட்கிறாள்: "அக்கா, ஒரு செய்திக்குறிப்பு வந்திருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்கள் எல்லோரும் ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை செய்து கருமுட்டைக் கையிருப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும், குறைவாக இருந்தால் முட்டையை உறைய வைக்க வேண்டும் என்று. நாளைக்குப் போட வேண்டும். என்ன கேட்பது?"

அனுப்பியது யார் என்று முதலில் பார். பரிசோதனைக்கூடமா, முட்டையை உறைய வைக்கும் மையமா? அதைச் செய்தியின் முதல் பத்தியில் எழுது.

அடுத்து, ஆன் ஸ்டெய்னர் குழு 2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் எழுதியதைப் படி. குழந்தையின்மைப் பிரச்சினை எதுவும் இல்லாமல், அப்போதுதான் முயற்சி தொடங்கிய 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேர். ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்கள் 12 சுழற்சிக்குள் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு 84 சதவீதம், சரியாக இருந்தவர்களுக்கு 75. வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான், ஆனால் குறைவு என்றால் வாய்ப்பும் குறைவு என்று இதில் எங்கேயும் தெரியவில்லை. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்பவருக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று மதிப்பிட அந்தப் பரிசோதனை உதவும். அதற்கு உதவுவதை இதற்கும் உதவும் என்று விற்கிறார்கள்.

குறிப்பில் பெயர் போட்டிருக்கும் டாக்டரைக் கூப்பிட்டு இந்த ஆய்வைச் சொல்லி, உங்கள் பதில் என்ன என்று கேள். பதிலை அப்படியே போடு. பரிசோதனை விலையையும் போடு. படத்துக்குத் தலையில்லாத வயிறு வேண்டாம்.

ஆசிரியர் "விளம்பரப் பிரிவில் கேட்டாயா" என்று சொன்னால் எனக்குப் போன் செய். எட்டரைக்கு மேல் செய், அதுவரை சமையல்.